கடைமடைக்காரன் கண்ட அரண்மனைத் தோட்டங்கள்

புதிய ஊருக்குக் குடிபோகிறவனுக்கு முதலில் வேண்டியது வீடா, வேலையா, பாஷையா என்று கேட்டால், அம்மூன்றுக்கும் முன்னதாக, யாருடைய அனுமதியும் கேளாமல், காசும் கொடாமல், காலை நீட்டி உட்காருவதற்கு ஓரிடம் வேண்டும் என்றே நான் சொல்லுவேன். வேளாங்கண்ணியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விஸ்தரித்து விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்டு 29ஆம் தேதி மாதா கோயிலில் கொடியேறுவது முதல் செப்டம்பர் 8ஆம் தேதி திருவிழா முடிகிற வரையில், பம்பாயிலிருந்தும் கோவாவிலிருந்தும் மலையாள தேசத்திலிருந்தும், காவித்துணி உடுத்திக் கால்நடையாகச் சென்னையிலிருந்தும் வந்து குவிகிற லட்சோபலட்சம் ஜனங்கள், திண்ணையானாலும் கடை நிழலானாலும் கடற்கரை மணலானாலும், துண்டை விரித்த இடத்தையே தம்முடைய இடமாக்கிக்கொண்டு படுத்துறங்கி எழுந்து போவதையும், அவர்களை நீ யார் என்று உள்ளூர்க்காரன் ஒருவனும் வினவாமலிருப்பதையும் கண்டு பழகியவனுக்கு, உட்காருவதற்கென்றே தனி விலை வைத்திருக்கும் பட்டணம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது எளிதில் மனத்தில் ஏறாது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், மகள் குடும்பத்தோடு வசிக்கலாமென்று பாரிஸ் நகரத்துப் புறநகர் ஒன்றுக்கு நான் வந்து சேர்ந்தபோது, அந்தப் பட்டணம் அத்தகையதாகவே எனக்குத் தோன்றியது. அவ்வூர்க் காப்பிக் கடைகளில் மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை. நாற்காலியில் அமர்ந்து குடித்தால் வேறு விலை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட, வசிப்பிட அனுமதிச் சீட்டுக்காக அரசாங்கக் கச்சேரியில் கேட்கப்படுகிற காகிதங்களைத் திரட்டுவதைத் தவிர வேறு காரியமில்லாதவனாக நான் வீட்டில் மிஞ்சுவேன். அப்போது தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருமுகமாகக் கூறிய யோசனை, லா ஷப்பெல் பக்கம் போய்வா என்பதுதான். போனேன். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் யாழ்ப்பாணத்துத் தமிழும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ஏக்கம் ஒருவாறு தணியத்தான் தணிகிறது. ஆயினும், விட்டுவந்த ஊரை அங்கே கண்டுகொள்ளலாமேயன்றி, வந்து சேர்ந்த ஊரை அங்கே அறிந்துகொள்ள இயலாது என்பது என் அபிப்பிராயம். வந்து சேர்ந்த ஊரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவை, அந்நாட்டு அரசர்கள் தங்கள் உல்லாசத்துக்காக உண்டாக்கி, பின்பு பலவிதமான நிர்ப்பந்தங்களால் ஜனங்களுக்கு விட்டுப்போன அரண்மனைத் தோட்டங்களே.

அவற்றுள் முதலாவதாக நான் போய் உட்கார்ந்தது லுக்ஸம்பூர் தோட்டம். பச்சை வர்ணம் பூசிய இரும்பு நாற்காலிகள் அங்கே வரிசையாக இல்லாமல், ஜனங்கள் அவரவர் இஷ்டப்படி இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து போகையில் போட்டது போட்டபடி விட்டுச் செல்வதனால், வெயிலைத் தேடி இரண்டு, நிழலைத் தேடி நான்கு, சண்டையிட்டுக்கொண்ட தம்பதிகள் அமர்ந்தவை போலும் முதுகு காட்டி இரண்டு என்று நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். 1923ஆம் ஆண்டு வடிவமைக்கப்பட்ட இந்த நாற்காலிக்குங்கூட ஒரு காலத்தில் வாடகை உண்டு. அதை வசூலிப்பதற்கென்றே பையும் சீட்டுமாகப் பெண்கள் சிலர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். 1974ஆம் ஆண்டோடுதான் அந்த வழக்கம் ஒழிந்தது. ஆதலால் இப்போது அங்கே சும்மா உட்காருகிற ஒவ்வொருவனும், தன் பாட்டனார் காசு கொடுத்து அனுபவித்த சௌகரியத்தை இலவசமாக அனுபவிக்கிறான். பாட்டனார் திருத்துறைப்பூண்டிச் சந்தைக்கு அப்பால் போகாதவராகிய என் போன்றவர்களும் இதில் சேர்ந்தவர்களே.

அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவளும் என்னைப்போல் அயலூரிலிருந்து குடிவந்தவள் என்று அறிந்தபோது அவள்மீது எனக்குத் தனிப்பட்ட அனுதாபம் உண்டாயிற்று. மரீ தெ மெதிசி என்னும் அந்த ராணி இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரத்தவள். நான்காம் ஹென்றி மன்னனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாரிஸுக்கு வந்தவள். 1610ஆம் ஆண்டு கணவன் நடுத்தெருவில் குத்திக் கொல்லப்பட, சிறுவனாகிய மகனுக்காக ராஜ்யபாரத்தை ஏற்றவள். லூவ்ர் அரண்மனையில் அவள் மனம் ஒன்றவில்லை. 1612ஆம் ஆண்டில் இந்த நிலத்தை வாங்கி, தான் சிறுமியாக விளையாடித் திரிந்த பிட்டி மாளிகையையும் அதன் பின்புறத்துப் போபோலித் தோட்டத்தையும் மனத்திற்கொண்டு, 1615 முதல் இங்கே மாளிகையெழுப்பத் தொடங்கினாள். மரம் நட்டாயிற்று; நீர் வேண்டுமே! நகரத்துக்குத் தெற்கே ரன்ஜிஸ் என்னும் ஊரின் ஊற்றுகளிலிருந்து ஆர்க்கேய் வழியாக நீரைக் கொண்டுவருவதற்கு 1613ஆம் ஆண்டில் சிறுவனான அரசனைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டச்செய்து, பத்து வருஷத்தில் கால்வாயை முடித்தார்கள். அந்த நீர்வேலைகளில் முன்னின்ற தொம்மாஸோ பிரான்சினியும் பிளாரன்ஸிலிருந்து குடியேறியவனே. ஊரை விட்டு வந்தவள் தன் ஊர்த் தோட்டத்தை அங்கே நட, அவள் ஊர்க்காரன் ஒருவனே அதற்குத் தண்ணீர் கட்டினான். இவ்வளவு செய்தும் அந்தத் தோட்டத்தில் அவள் நெடுங்காலம் வாழக் கொடுத்துவைக்கவில்லை. மகனோடு மனஸ்தாபம் முற்றி, 1631ஆம் ஆண்டில் தேசத்தை விட்டோடி, 1642இல் ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் இறந்தாள். அவள் கட்டிய மாளிகையில் இன்று செனெட் சபை கூடுகிறது. ரன்ஜிஸோ, பாரிஸ் நகரத்தின் மகத்தான மொத்தக் காய்கறிச் சந்தை இருக்குமிடமாகப் பிரசித்தி பெற்றுவிட்டது.

அத்தோட்டத்தில் என்னைச் சிரிக்கவைத்த காட்சி ஒன்றுண்டு. நாரத்தை ஜாதிக் கசப்பு ஆரஞ்சு, மாதுளை, அரளி, பேரீச்சை ஆகிய மரங்களைப் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வளர்த்து, மே மாதத்தில் வண்டியில் ஏற்றி வெளியே கொணர்ந்து வெயிலில் நிறுத்துகிறார்கள். அக்டோபர் பிறந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டுபோய், கண்ணாடிச் சாளரங்கள் வைத்த நீண்ட கூடத்தினுள் பனிக்காலம் தீரும்வரை பத்திரப்படுத்துகிறார்கள். அவற்றுள் இருநூறு வயது கடந்த மரங்களும் உண்டாம். ஆடு மாடு வாய்வைக்காது என்பதற்காக நாகப்பட்டினம் சாலை நெடுக நாம் நட்டு, பின்பு ஏறெடுத்தும் பாராமல் விட்டுவிடுகிற அரளிக்கு, அங்கே சேவகர் நால்வர் முன்னும் பின்னும் நடக்கச் சவாரி நடக்கிறது!

ஆரஞ்சு மரத்தின்மீது அந்நாட்டு அரசர்கள் வைத்த மோகம் சாதாரணமானதன்று. நிகோலா பூக்கே என்னும் நிதி மந்திரி, வோ என்னுமிடத்தில் தனக்கு அமைத்துக்கொண்ட மாளிகைக்கும் தோட்டத்துக்கும், 1661ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி, இருபத்திரண்டு வயதுக் காளையாகிய பதினான்காம் லூயி மன்னனை அழைத்து, நாடகமும் வாணவேடிக்கையும் விருந்துமாக உபசரித்தான். அரசன் பார்த்தான், தன்னிடம் இல்லாதது தன் மந்திரியிடம் இருப்பதைக் கண்டான். மூன்று வாரத்துக்குள் பூக்கே சிறைப்பட்டான். 1680இல் சிறையிலேயே மாண்டான். அவனுடைய தோட்டத்து ஆரஞ்சு மரங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவையும், அத்தோட்டத்தை வகுத்த அந்த்ரே லெ நோத்ர் என்னும் தோட்டக் கலைஞனும், வெர்சாய் என்னும் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எஜமானை உபசரிக்கிறவன் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தை அவருக்குக் காட்டாதிருப்பதே நலம் என்பதை நம் ஊர் மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர்கள் நன்கறிவார்கள், பூக்கே அறியவில்லை.

வெர்சாய்க்குப் போகப் பிரயாணச் சிரமமொன்றுமில்லை. மாதச் சந்தா கட்டிய நவிகோ அட்டை இருந்தால் புறநகர் ரயில் கொண்டுபோய் அரண்மனைக்கு அண்மையில் இறக்கிவிடும். பெருங்கால்வாயைச் சுற்றியுள்ள சோலைக்கு எப்போதுமே கட்டணமில்லை; அரண்மனையை ஒட்டிய தோட்டத்துக்கு மட்டும், சங்கீதத்தோடு நீரூற்றுகளை ஆடவிடுகிற நாட்களில் சீட்டு வாங்கவேண்டும். முதலில் நான் சீட்டில்லாத நாளில் போனேன். செதுக்கிய புதர்களும், சலவைக்கல் பதுமைகளும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நூல் பிடித்தாற்போல் ஓடுகிற பாதைகளும், 1,670 மீட்டர் நீளத்துக்கு வெட்டிய அந்தப் பெருங்கால்வாயும் பிரமிக்கத்தக்கவையே. ஆனால் பிரமிப்பு அடங்கியபின் எனக்கு எழுந்த கேள்வி, கடைமடையில் பிறந்தவன் எவனுக்கும் எழக்கூடிய கேள்விதான்: இவ்வளவுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கடைமடை என்றால் என்னவென்று தலைமடையில் பிறந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தாயிற்று என்று பத்திரிகையில் போடுவார்கள். மந்திரி மலர் தூவுகிற படமும் வரும். அந்த நீர் முக்கொம்பு தாண்டி, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, வெண்ணாற்றிலிருந்து வெள்ளையாற்றில் பிரிந்து, வழிநெடுக மதகும் மடையும் வாங்கிக்கொண்டது போக எஞ்சியது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள், நாற்றுக்கு விட்ட விதை முளைத்துக் காய்ந்துபோன வருஷங்கள் அநேகம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில், ஷட்டரைத் தூக்குகிற லஸ்கரின் முகத்தைப் பார்த்தே அந்தப் போகத்தின் ஜாதகத்தைக் கணித்துவிடுகிற பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். இப்படி வளர்ந்தவன் அரண்மனைக்குப் போனாலும் முதலில் மதகைத்தான் தேடுவான்.

வெர்சாயில் தண்ணீர் இல்லை. அதுவே அந்தத் தோட்டத்தின் முழுச் சரித்திரமும் ஆகும். ஆறில்லாத மேட்டில், சதுப்பைத் தவிர வேறு நீரறியாத இடத்தில், ஆயிரத்து நானூறு நீர்த்தாரைகள் வானத்தை நோக்கிப் பாயவேண்டுமென்று அரசன் விரும்பினான். முதலில் அருகிலிருந்த கிளாஞி ஏரியிலிருந்து நீரிறைத்தார்கள், போதவில்லை. பின்பு சேன் நதிக்கரையில் மார்லி என்னுமிடத்தில், லியேஜ் நாட்டுத் தச்சனாகிய ரென்னகேன் சுவாலேம் என்பவன், எழுதப் படிக்க அறியாதவன் என்று சொல்லப்படுகிறவன், பதினான்கு பிரம்மாண்டமான நீர்ச்சக்கரங்களை நிறுவி, இருநூறுக்கு மேற்பட்ட பம்புகளால் மூன்று கட்டமாக நீரை ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினான். 1681இல் தொடங்கி 1684இல் முடிந்த அந்த யந்திரத்தின் கடகடவென்னும் இரைச்சல் வெகுதூரத்துக்குக் கேட்டு, சுற்றுப்புறத்துக் கனவான்களின் தூக்கத்தைக் கெடுத்ததாம். அதுவும் போதவில்லை. எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள யூர் நதியையே திருப்பிவிடுவதென்று தீர்மானித்து, 1685ஆம் ஆண்டு முதல், மகா கீர்த்தி பெற்ற வோபான் என்னும் பொறியியல் நிபுணனுடைய திட்டத்தின்படி, முப்பதாயிரம் வரையில் போர்வீரர்களை மண்வெட்டி பிடிக்க வைத்தார்கள். விஷஜுரத்தில் அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். 1688இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டு, வீரர்கள் மண்வெட்டியைப் போட்டுத் துப்பாக்கியை எடுக்க நேர்ந்ததனால் அவ்வேலை பாதியில் நின்றது. அந்தக் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் இன்னமும் மந்த்னோன் கோட்டையருகே மொட்டையாக நிற்கின்றன. கடைசியில் நிலைத்து நின்ற பெரிய ஏற்பாடு எது தெரியுமா? ராம்பூயே பக்கத்து மேட்டு நிலத்தில் பெய்கிற மழையை ஏரிகளில் தேக்கி, ஏரிக்கு ஏரி வாய்க்கால் வெட்டி, வாட்டம் பார்த்துத் தானாகவே ஓடிவரும்படி செய்த ஏற்பாடு. பிக்கார் என்னும் பாதிரியார், வான சாஸ்திரத்தில் தேர்ந்தவர், மட்டம் பார்த்துக் கொடுத்தார். பல்லவர் காலத்திலிருந்து தொண்டைமண்டலத்துக் குடியானவன் செய்துவருகிற காரியம். சக்கரவர்த்தியின் பொக்கிஷத்தைக் கரைத்த பின்னரே அங்கே அது சித்தித்தது.

இவ்வளவு பாடுபட்டும் எல்லா ஊற்றுகளையும் ஏககாலத்தில் ஆடவிடத் தண்ணீர் காணாது. ஆகவே, அரசன் உலாவ வருகையில், அவனுக்கு முன்னுள்ள ஊற்றைத் திறப்பதும், அவன் கடந்துபோனவுடன் பின்னுள்ளதை மூடுவதுமாக, நீர்க்காவலர்கள் ஒருவருக்கொருவர் சீழ்க்கையடித்துச் சைகை காட்டிக்கொண்டு புதர்மறைவில் ஓடுவார்களாம். எங்கள் லஸ்கருக்கு இதைச் சொன்னால் அவர் வியக்கமாட்டார். முறைப்பாசனம் என்று இதற்கு அவரிடம் பெயர் உண்டு. ஒரே வித்தியாசம், அவர் முறை பார்ப்பது வாய்க்காலுக்கு, அவர்கள் முறை பார்த்தது ஒரே ஒரு மனிதனுடைய கண்ணுக்கு. அரசனும் லேசுப்பட்டவனல்லன். தோட்டத்தை எந்த வழியாகச் சுற்றவேண்டும், எங்கே நின்று எதைப் பார்க்கவேண்டும், எங்கே திரும்பவேண்டும் என்று விருந்தாளிகளுக்காகத் தானே ஒரு கையேடு எழுதிவைத்தான். அதைப் பலமுறை திருத்தியும் எழுதினான். கையேட்டின் அழகியல் இருக்கட்டும். வரிசை தவறினால் தண்ணீர் கிடையாது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டுமென்று நான் ஊகிக்கிறேன்.

நீரூற்று ஆடுகிற நாளில் மறுபடியும் போனபோது பேரனையும் உடன் அழைத்துக்கொண்டேன். லத்தோனா தடாகத்தருகே வந்ததும் அவன் தவளைகளை எண்ணத் தொடங்கினான். அடுக்கடுக்கான சலவைக்கல் படிகளின் உச்சியில், இரண்டு குழந்தைகளை அணைத்தபடி ஒரு தாய் வானத்தை நோக்கி முறையிட்டுக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் தவளைகளும், பாதி தவளையாகவும் பாதி மனிதராகவும் உருமாறிக்கொண்டிருக்கிற ஆட்களும் அவளை நோக்கி நீரைப் பீச்சுகிறார்கள். யவன புராணக் கதை அது. அப்பல்லோவையும் தியானாவையும் ஈன்ற லத்தோனா, தாகத்தால் நா வறண்டு ஒரு குளத்தருகே வந்து குனிந்தபோது, லிசியா நாட்டுக் குடியானவர்கள் அவளைக் குடிக்கவிடாமல் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்கினார்கள்; நீங்கள் என்றென்றைக்கும் அந்தச் சேற்றிலேயே கிடக்கக்கடவீர்கள் என்று அவள் சபிக்க, அவர்கள் தவளைகளாயினர். மார்சி சகோதரர்கள் செதுக்கிய அச்சிற்பத் தொகுதி 2013 முதல் 2015 வரையில் பழுதுபார்க்கப்பட்டுப் புதுப்பொலிவோடு விளங்குகிறது. தண்ணீர் மறுத்தவனுக்கு நேருகிற கதியை, ஊரார் தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்ட ஒருவன் தன் வீட்டு வாசலில் அவ்வளவு விமரிசையாக நிறுத்திவைத்திருக்கிற விநோதத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பேரன் என் கையை இழுத்து, "தாத்தா, இவங்க ஏன் தண்ணி குடுக்கல?" என்று கேட்டான். மேட்டூரிலிருந்து ஆரம்பித்தால் பொழுது போய்விடுமே என்று பயந்து, வீட்டில் சொல்கிறேன் என்றேன்.

வெர்சாய்த் தோட்டத்து மரங்கள் அவ்வளவு முதிர்ந்தவையல்ல என்பது பலரும் அறியாதது. நூறாண்டுக்கொரு தரம் அடியோடு வெட்டி மறுபடியும் நடுவது அங்கே பழக்கம். பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்தவுடன் அவ்வாறு வெட்டப்பட்ட காட்சியை உபேர் ரொபேர் என்னும் ஓவியன் தீட்டியிருக்கிறான். கடைசியாக வெட்டியது மனிதனல்லன். 1999ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீசிய புயல், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை அங்கே சாய்த்தது. அந்தத் தேதியைக் கேட்டமாத்திரத்தில் வேளாங்கண்ணிக்காரன் வாயடைத்துப் போவான். ஐந்து வருஷத்துக்குப் பின், 2004ஆம் ஆண்டு அதே டிசம்பர் 26ஆம் தேதி, அதே ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர்களையும் கரையோரக் கடைக்காரர்களையும் நூற்றுக்கணக்கில் கடல் எங்கள் ஊரில் வாரிக்கொண்டு போயிற்று. மரம் விழுந்த நாளையும் மனிதர் மாண்ட நாளையும் ஒரு தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்தருகே கஜா புயல் கரையேறி, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் படுக்கவைத்ததே, அதற்குப் பிறகு அந்தத் தோப்புக்காரர்கள் பட்ட பாட்டை அறிந்தவன், வெர்சாயில் இன்று ஒரே உயரத்தில், இளமையாக, வரிசை பிசகாமல் நிற்கிற மரங்களைச் சற்று வேறுவிதமாகவே பார்ப்பான். ராஜாங்கத்துத் தோட்டத்துக்கு மறுநடவு செய்துகொடுக்க உலகத்துத் தனவந்தர்கள் நன்கொடை அனுப்பினார்கள். தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்று நஷ்டஈட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லவே நம்மவர்களுக்கு வாய் வலித்துப்போயிற்று.

அரண்மனையை இழந்தும் பிழைத்துக்கொண்ட தோட்டங்களின்மீதே என் மனம் வரவர அதிகமாகச் சென்றது. சேன் கொலூ என்னும் மாளிகை 1870ஆம் ஆண்டு யுத்தத்தில் எரிந்தொழிந்து, சுவரும் பின்னர் இடிக்கப்பட்டுவிட, அதன் தோட்டமும் அருவிப்படிகளும் வீட்டுக்காரனில்லாத கொல்லையாக இன்றும் பசேலென்று கிடக்கின்றன. நகரத்தின் நடுவிலுள்ள துய்லெரித் தோட்டமும் அப்படியே. ஓட்டுச்சூளைகள் இருந்த அவ்விடத்தில் 1564ஆம் ஆண்டு மாளிகை எடுத்தவள் காத்தரீன் தெ மெதிசி. மரீக்கு முன்னதாகவே பிளாரன்ஸிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த இன்னொரு ராணி. அந்தத் தோட்டத்துத் தோட்டக்காரனுடைய பேரனே லெ நோத்ர். பாட்டன் மண் கொத்திய பாத்திகளை 1664ஆம் ஆண்டு முதல் பேரன் புதிதாக வகுத்தான். வகுத்து முடித்தவுடன், கொல்பேர் என்னும் மந்திரி, ஜனங்கள் புழங்கினால் பாழாகிவிடும், அரச குடும்பத்தாருக்கு மாத்திரம் இருக்கட்டும் என்று கதவை அடைக்கப் பார்த்தான். அப்போது அவனிடம் உத்தியோகத்திலிருந்த ஷார்ல் பெரோ என்பவர், குழந்தைகளுக்கு 'சிண்டரெல்லா' கதையை எழுதிப் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர், வேண்டாமென்று வாதாடித் தடுத்தார். 1667ஆம் ஆண்டு முதல் துய்லெரி பொதுஜனங்களுக்குத் திறந்தது. பொதுஜனங்கள் என்றால் பிச்சைக்காரரும் வீட்டு வேலைக்காரரும் சிப்பாய்களும் நீங்கலாக என்று அர்த்தம். அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள், புனித லூயியின் திருநாளன்று மட்டுமே பிரவேசம். புரட்சிதான் அந்தக் காவலை விலக்கியது.

பெரோவைப் போன்ற குமாஸ்தாக்களைச் சரித்திரம் போதிய அளவு கொண்டாடுவதில்லை. அரசன் தோட்டம் போட்டான், புரட்சிக்காரர் கதவை உடைத்தனர் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். இடையில், மேலதிகாரியிடம் பக்குவமாகப் பேசித் தாழ்ப்பாளைச் சற்றே நெகிழ்த்திவைத்த ஓர் உத்தியோகஸ்தனை யாரும் நினைப்பதில்லை.

அந்தத் துய்லெரி மாளிகைக்கு 1871ஆம் ஆண்டு மே மாதத்தில், பாரிஸ் கம்யூன் கலகத்தின் கடைசி நாட்களில், தீவைத்தார்கள். கரிந்த சுவர்கள் பன்னிரண்டு வருஷம் நின்று, 1883இல் அகற்றப்பட்டன. அதே 1871ஆம் ஆண்டில், தஞ்சாவூர் நகரசபையார், பெரிய கோயிலையடுத்த சிவகங்கைக் குளத்தருகே ஜனங்களுக்கென்று ஒரு தோட்டம் போடத் தொடங்கினார்கள்; அதுதான் சிவகங்கைப் பூங்கா. மராட்டிய ராஜ்யம் வாரிசில்லையென்று 1855இல் கும்பினியாரால் பறிக்கப்பட்டுப் பதினாறு வருஷமே ஆகியிருந்தது. நாயக்கர் கட்டி மராட்டியர் விரித்த தஞ்சை அரண்மனையில் இன்று சரசுவதி மகாலையும் கலைக்கூடத்தையும் காணலாம். அந்தப்புரத்துப் பெண்கள் உலாவிய நந்தவனம் எங்கே என்று கேட்டால் காட்டுவாரில்லை. ஆனால் நந்தவனத்துக்கும் அரண்மனைக்கும் நீர் கொண்டுவந்த சூத்திரம் அடியோடு அழிந்துபோகவில்லை. செவ்வப்ப நாயக்கன் ஏரியில் பெய்கிற மழை சிவகங்கைக் குளத்துக்கு வந்து தெளிந்து, அங்கிருந்து சுட்டமண் குழாய்கள் வழியாகப் பூமிக்கடியில் ஓடி ஐயன்குளத்துக்கும் போய்ச் சேரும்படி முன்னோர் செய்திருந்தனர். அந்தக் குழாய்வழியைத் துலக்கி ஐயன்குளத்தைச் சமீப வருஷங்களில் சீர்ப்படுத்தியிருக்கிறார்கள். யந்திரமில்லை, இரைச்சலில்லை, சிப்பாய்கள் மடியவுமில்லை. வெர்சாய்க்காரர்கள் வந்து பார்க்கத்தக்கது.

இதைத் துய்லெரியில், வட்டத் தடாகத்தருகே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு முதியவரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். காரைக்காலில் பிறந்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். 1954இல் காரைக்கால் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்து, 1962இல் ஒப்பந்தம் உறுதியானபோது, எந்தத் தேசத்துப் பிரஜை என்று தீர்மானிக்க ஜனங்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள்; இவர் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் இடையில் நாகூரும் நாகப்பட்டினமும்தான். தஞ்சை மன்னர் சாஹுஜி 1739இல் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரருக்கு விற்றிராவிட்டால் இரண்டும் ஒரே சீமை. மல்லிப்பட்டினத்தருகே மனோரா என்று எட்டடுக்குக் கோபுரம் இருக்கிறதே, அதைச் சரபோஜி மகாராஜா 1814இல் நெப்போலியனுடைய வீழ்ச்சியைக் கொண்டாடி எழுப்பினார், அந்த நெப்போலியன் வாசம் செய்த அரண்மனை நின்ற இடம் அதோ அதுதான் என்று நான் காட்டியபோது, அவர் சிறிதும் அசையவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இந்த வருஷம் தண்ணி வந்துச்சா?"

"திறந்தாங்க ஐயா. எங்க பக்கம் வந்து சேர நாளாச்சு."

"உங்களுக்கு நானூத்தி நாலேகால் டி.எம்.சி. எழுதியிருக்கான். எங்களுக்கு வெறும் ஏழு. அந்த ஏழையும் நீங்கதான் வழியில மறிச்சுக்கிறீங்க."

"நாங்க எங்கே ஐயா மறிக்கிறது? நாங்களே கடைமடை!"

"நீங்க கடைமடைன்னா நாங்க என்ன?" என்று அவர் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டு, அரசலாற்றின் மதகுகளைத் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.